ஆயாம்மா போடாத கையெழுத்து

என் மகனைக் கத்தியால் குத்திய பத்தாம் வகுப்புப் பையனைப் பெரியவர்களின் சிறைக்கே அனுப்ப வேண்டும் என்று மனு எழுதி, நீலசந்திராவில் எங்கள் பள்ளி வாசலில் நின்று கையெழுத்து வாங்கினேன். பெற்றோர் எல்லோரும் போட்டார்கள். பள்ளி ஆயாம்மா மட்டும் போடவில்லை.

குள்ளமானவர், தலை முழுக்க நரை. பிள்ளைகளின் கழுத்தில் புரண்டு கிடக்கும் அடையாள அட்டையை நேராக்காமல் யாரையும் உள்ளே விடமாட்டார். அன்று என் மகனின் காயத்தைத் தன் முந்தானையால் அழுத்திப் பிடித்தவரும் அவர்தான். எழுதத் தெரியாதவர் என்று நினைத்து, கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினேன்.

"கையெழுத்து வரும் மேடம். ரெண்டு தபா படிச்சிட்டேன், போடமாட்டேன்," என்றார், அட்டைகளைத் திருப்பியபடியே. "கேஸ் நடக்கட்டும், தண்டனை குடுக்கட்டும். பெரிய ஆளுங்களோட அடைச்சா அவன் என்னாவா வெளிய வருவான்?"

"என்னா ஆயாம்மா, வேலை வேணாமா?" என்றார் ஒரு அப்பா.

"வேற ஸ்கூல் இல்லியா சார்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குத்து வாங்குனது உங்க பிள்ளையா இருந்தா?"

"உங்கள மாதிரிதான் கத்துவேன். அதான் பெத்தவங்க கையில தீர்ப்பு குடுக்கிறதில்ல."

மனுவை அன்றே கொடுத்துவிட்டேன். என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் மகன் மறுபடி பள்ளிக்குப் போன நாளில், அவன் கையை அவரைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.