அம்பாரோ செத்துப்போன புத்தகம்

தான் செத்துப்போன செய்தியை அம்பாரோ மாட்ரிட்டில், ரெடீரோ பூங்காவில், புத்தகக் கண்காட்சி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் தெரிந்துகொண்டாள். சொன்னவள் முன்பின் தெரியாத ஒருத்தி. அதையும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

அம்பாரோ பெனிடோர்ம் என்ற கடற்கரை ஊரில், கடலைப் பார்த்து நிற்கும் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். முர்சியா பக்கம் எலுமிச்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போன குடும்பம். கல்யாண வயது வருவதற்குள் பஸ் ஏறிப் பிழைக்க வந்துவிட்டாள். அந்தக் கடலை அவள் பார்த்ததெல்லாம் ஜன்னல் கண்ணாடி துடைக்கும்போதுதான். புருஷன் சமையல்காரன். மகள் லிடியா நடக்கப் பழகுவதற்குள் இபிசா தீவுக்கு சீசன் வேலைக்கென்று போனான். அந்த சீசன் இன்னும் முடியவில்லை. மெத்தை தூக்கித் தூக்கி அம்பாரோவின் முதுகு போய்விட்டது. காலையில் காபியோடு ஒரு வலி மாத்திரை, மதியம் இன்னொன்று.

வாய் மட்டும் போகவில்லை. ஹோட்டல் பெண்கள் கூலி உயர்வு கேட்டு வாசலில் கொடி பிடித்தபோது முன்னால் நின்று கத்தியவள் அவள்தான். மேனேஜர், போலீஸ், பாதிரியார் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். ஒன்றே ஒன்றுதான் அவள் வாயில் வராது. தப்பு தன்மேல் என்று தெரிந்தால் மன்னிப்புக் கேட்க மாட்டாள். உருளைக்கிழங்கு ஆம்லெட் போட்டுத் தருவாள். தடிமனாக, வெங்காயம் போட்டு. சின்னத் தப்புக்கும் அதே ஆம்லெட், பெரிய தப்புக்கும் அதே ஆம்லெட்.

லிடியா வலென்சியாவில் இலக்கியம் படித்தாள். அந்தப் படிப்புக்கு மாட்ரிட்டில் கிடைத்தது பீர் கோப்பை கழுவும் வேலையும், பிறகு போனில் வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கும் வேலையும்தான். முப்பத்தைந்தை நெருங்கும்போது அவள் எழுதிய புத்தகம் வெளிவந்தது. அட்டையில் ஹோட்டல் அறை சுத்தம் செய்யும் தள்ளுவண்டி படம். கீழே, ‘இதில் எதுவும் கற்பனையல்ல’ என்று ஒரு வரி. இப்போதெல்லாம் இங்கே பெற்ற தாயையோ தகப்பனையோ பற்றி எழுதாத எழுத்தாளரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கற்பனை என்றால் வாங்க ஆளில்லை. உண்மை, அதிலும் ஏழைகளுடைய உண்மை என்றால், வசதியான வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அழுவதற்கு எல்லோரும் தயார்.

“இப்பப் படிக்காதம்மா. ஆகஸ்ட்ல வர்றேன், நானே படிச்சுக் காட்டறேன்” என்று போனில் சொல்லியிருந்தாள் மகள். அம்பாரோவும் படிக்கவில்லை. பொடி எழுத்து அவளுக்கு எப்போதுமே தலைவலி. ஆனால் மருந்துக்கடைக்காரி ஒருநாள் மாத்திரையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கூட வேலை பார்க்கும் சாரோ, “படிச்சேன்டி. அழுதுட்டேன்” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். எல்லாம் மகள் வாங்கித் தந்த மரியாதை என்று அம்பாரோ நினைத்துக்கொண்டாள். பெருமை தாங்காமல் ஜூன் மாதத்தில் லீவு போட்டு, மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆம்லெட்டை ரொட்டிக்குள் வைத்துப் பொட்டலம் கட்டி, மாட்ரிட்டுக்கு பஸ் ஏறினாள்.

பூங்காவில் ஒலிபெருக்கி மகளின் பெயரைச் சொல்லி எந்தக் கடையில் கையெழுத்துப் போடுகிறாள் என்று அறிவித்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. நேராக முன்னால் போயிருக்கலாம். போகவில்லை. மகளைப் பற்றி நாலு பேர் பேசுவதைக் காதால் கேட்க ஆசைப்பட்டு, ஒரு பிரதி வாங்கிக்கொண்டு, தான் யாரென்று சொல்லாமல் வரிசையின் வாலில் போய் நின்றாள்.

முன்னால் நின்றவள் பெயர் பெகோன்யா. புர்கோஸ் நகரத்துக்காரி, அம்பாரோவின் வயதுதான் இருக்கும்.

“எங்க ஊர் நூலகத்துல வாசகர் வட்டம் இருக்குங்க. அத்தன பேரும் பொம்பளைங்க. ஒரே ஒரு ஆம்பள, அவரும் ஹீட்டர் சூட்டுக்காக வர்றவரு. இந்தப் புத்தகத்துக்கு அவரே அழுதாருன்னா பாத்துக்குங்க” என்றாள்.

“அவ்வளவு நல்லா இருக்கா?” அம்பாரோ ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

“இன்னும் படிக்கலையா? அந்த அம்மா சாகற இடம் வரைக்கும் வாங்க, அப்புறம் சொல்லுங்க.”

“எந்த அம்மா?”

“எழுதினவங்களோட அம்மாதான். அம்பாரோன்னு பேரு. வேல செஞ்சுக்கிட்டிருக்கும்போதே, படுக்கை விரிப்பு அடுக்கற ரூம்ல, விரிப்பு மேலயே சரிஞ்சு… பாவம், அவங்க முதுகு வலிக்கு ஒரு டாக்டர்கூடக் காது குடுக்கல.” பெகோன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரி பிடித்த கை, சாரோ மாற்றிய பேச்சு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அம்பாரோவின் மேல் விழுந்தன. ஊரில் பாதிப்பேர் அவள் சாவைப் படித்துவிட்டு, அவளுக்கே காலை வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். பெற்ற மகள் அவளைக் கொன்று, ‘கற்பனையல்ல’ என்று அட்டையில் போட்டு விற்றிருக்கிறாள்.

“என்னங்க, முகம் வெளுத்துப் போச்சு? தண்ணி குடிக்கறீங்களா?”

“வேண்டாம். வேற என்ன எழுதியிருக்கா?”

“சாகறதுக்கு முன்னாடி மகள்கிட்ட மன்னிப்புக் கேப்பாங்க. அதத்தான் என்னால தாங்கவே முடியல. சின்ன வயசுல அந்தப் பொண்ணுக்கு ஒருநாள் காய்ச்சல். விட்டுட்டு வர ஆளில்லாம அந்த அம்மா ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போயி ஒளிச்சு வச்சிருக்காங்க. அந்த நேரம் பாத்து…”

அதற்குமேல் பெகோன்யா சொன்ன எதுவும் அம்பாரோவின் காதில் ஏறவில்லை. மீதி அவளுக்குத் தெரியும். இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும், அந்த இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மேற்பார்வைக்காரி நாலாவது மாடியில் குழந்தையைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துவந்து, “யார் பிள்ள இது?” என்று கேட்டாள். குழந்தையோடு பிடிபட்டால் வேலை போய்விடும். லிடியா அம்மாவையே பார்த்தாள். “யாருன்னு எனக்குத் தெரியாது” என்றாள் அம்பாரோ. ஒன்பது வயதுப் பெண் கீழே வரவேற்பறையில், காணாமல்போன பிள்ளையாக, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தது. அம்மா பெயரைக் கேட்டவர் எவருக்கும் அது சொல்லவில்லை. அன்று ராத்திரி வீட்டில் ஆம்லெட்.

வரிசை நகர்ந்தது. பெகோன்யா கையெழுத்து வாங்கிக்கொண்டு பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். அம்பாரோ புத்தகத்தைக் கடைப் பலகைமேல் வைத்தாள். அவள் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி.

“யாருக்குன்னு எழுதட்டும்?” லிடியா நிமிராமலே கேட்டாள்.

“அம்பாரோன்னு போடு.”

பேனா நின்றது. லிடியா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பின்னால் நின்ற பதிப்பாளர் கொன்சாலோ குனிந்து, “தெரிஞ்சவங்களா லிடியா?” என்று கேட்டார்.

லிடியாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்து என்ன வரும் என்று அம்பாரோவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை அவள் அறிவாள், தாழ்வாரத்தில் அன்றைக்கு அவளே வைத்திருந்த முகம் அது. மகள் வாயால் அந்தச் சொல்லைக் கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை. முந்திக்கொண்டாள்.

“இல்ல தம்பி. இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது.”

லிடியாவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“இது எங்கம்மா” என்றாள். வரிசை முழுக்கக் கேட்கும்படி இன்னொருமுறை சொன்னாள். “எங்கம்மா.”

கொன்சாலோ பலகையைப் பிடித்துக்கொண்டார். யாரோ கைபேசியை எடுத்து உயர்த்தினார்கள். பெகோன்யா புத்தகத்தையும் அம்பாரோவையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப நான் யாருக்குங்க அழுதேன்?” என்று கேட்டாள்.

“ஏன்டி என்னக் கொன்ன?” என்றாள் அம்பாரோ.

“உயிரோட விட்டா நீ கேக்கவே மாட்டியேம்மா.”

“என்னத்தக் கேக்க மாட்டேன்?”

“உனக்குத் தெரியும்.”

அம்பாரோவின் கை தானாகப் பைக்குள் போனது. பொட்டலத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

“ஆம்லெட் வேண்டாம்மா” என்றாள் லிடியா. “நான் ஆம்லெட் தின்னது போதும்.”

அம்பாரோ வாயைத் திறந்தாள். மேனேஜரை, போலீஸை, பாதிரியாரைக் கேட்ட வாய். ஒரு சொல் அதில் வரவில்லை. மகள் சொன்னது உண்மை என்று அங்கே நின்றபடியே அவளுக்குத் தெரிந்தது. தான் செத்துப்போனதைக் கேட்டபோதுகூட அவளுக்கு இவ்வளவு பயம் வரவில்லை. கடைசியில் புத்தகத்தை மகள் பக்கமாகத் தள்ளினாள்.

“கண்ணாடி கொண்டுவரல. அந்த இடத்தப் படி. நான் என்ன சொன்னேன்னு பாப்போம்.”

லிடியாவுக்குப் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. மெதுவாகப் படித்தாள். “‘அன்னைக்கு உன்னத் தெரியாதுன்னு சொன்னேன். வேல போயிடும்னு பயம். நீ பாத்துக்கிட்டே இருந்த. நான் அடுத்த ரூமுக்குள்ள போயி, குளியலறையில உக்காந்து அழுதேன். என்ன மன்னிச்சிரு.’”

அம்பாரோ பலகையின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள், அழுக்கு ஏதோ ஒட்டியிருப்பதுபோல.

“அழல” என்றாள். “அழறதுக்கு ஏது நேரம்? அந்தக் குளியலறைய ரெண்டு தடவ கழுவுனேன். சுத்தமா இருந்தத மறுபடியும் கழுவுனேன். அத மாத்திப் போடு.”

லிடியா தலையாட்டினாள்.

“மத்ததெல்லாம் நான் சொன்னதுதான்” என்றாள் அம்பாரோ.