மாட்டுத் திருகு

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மிக்சர் இருந்தது. தின்கிற மிக்சர் இல்லை. கச்சேரிக்காரர்கள் நாலைந்து மைக்குகளின் சத்தத்தைச் சேர்த்து, கூட்டிக் குறைத்து அனுப்புவார்களே, அந்தப் பெட்டி. மதுரையில் ஒரு ஆர்கெஸ்ட்ரா கலைந்தபோது வாங்கி வந்தேன். மில்லில் ஷிப்ட் இல்லாத நேரத்தில் கடைகளுக்கு விளம்பரக் கேசட் போட்டுக் கொடுப்பேன். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போகும் கேசட். அதில் பேசுவது தெரிந்த வாத்தியார் ஒருவர். நான் பேச மாட்டேன். பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடக்கிற ஆள் நான்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. மிக்சரில் எல்லாம் இங்கிலீஷ். எழுத்து தனித்தனியாக நின்றால் ஒன்றிரண்டு தெரியும். கூட்டமாக வந்தால் தெரியாது. மில்லில் நூல் கோன்களின் நுனியில் கலர் இருக்கும். கலரைப் பார்த்தே அது எந்த நம்பர் நூல் என்று சொல்லிவிடலாம். அதே வழியை வீட்டிலும் பிடித்தேன். ஒவ்வொரு ஒயரிலும் ஒரு கலர் நூலைச் சுற்றி, அது போய்ச் சொருக வேண்டிய துளைக்குப் பக்கத்திலும் அதே நூலை ஒட்டிவைத்தேன். மைக் சிவப்பு. பின்னணிப் பாட்டுக் கேசட் பச்சை. பதிகிற டேப் மஞ்சள்.

நூல் ஒட்டாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு வரிசையிலும் நடுவில் ஒரு நீலத் திருகு. விற்றவர் அதைக் காட்டி, "இது ஆக்ஸ். உங்களுக்குத் தேவைப்படாது" என்றார். ஆக்ஸ் என்றால் எருது என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் படம் பார்த்திருக்கிறேன். எருதுக்கு இதில் என்ன வேலை என்று கேட்க வாய் வரவில்லை. மாட்டுத் திருகு என்று பெயர் வைத்து, எல்லாவற்றையும் சுழியில் நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பால்கோவா விற்கிற அண்ணாச்சி ஒருவர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். சொந்த ஊர் வன்னியம்பட்டி. பஸ் உள்ளே நுழையும்போதே அவர் குரல் எதிர்கொண்டு வரும். அந்தக் குரல் இப்போது உமியைத் தேய்த்த மாதிரி இருந்தது.

"தொண்டைக்குள்ள மொட்டு விட்டிருக்காம். ரெண்டு மாசம் வாயத் தொறக்கப்படாதுங்காரு டாக்டரு. மீறிக் கத்துனா மதுரைக்குப் போயி ஆப்பரேசன். அதுக்குப் பொறவு குரல் வருமா வராதான்னு அவருக்கே தெரியாதாம்."

"இப்பப் பேசுதீயளே?"

"ஒரே ஒரு தடவ கத்திக் குடுத்துருதேன். நீங்க கேசட்டுல புடிச்சுருங்க. ரெண்டு மாசமும் அது கத்தட்டும்."

அவரைப் பின்னறையில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே மைக்கின் முன்னால் நிறுத்தினேன். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கத்தான் மூட்டைகள். அண்ணாச்சி வாயைத் திறந்தார். கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக் கேட்கிற மாதிரி, "பால்கோவா" என்று வந்தது.

"பஸ்ஸு இல்லாம எப்படிக் கத்த? எதுக்க நின்னு அது உறுமணும். அதத் தாண்டி நான் போகணும்" என்றார்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. டேப் ரிக்கார்டரை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பஸ் சத்தத்தைப் பிடித்து வந்தேன். அந்தக் கேசட்டைப் பச்சைத் துளையில் சொருகி, மிக்சரின் ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். பஸ் உறுமியதும் மனிதர் தோளை விரித்தார். பஞ்சு மூட்டைகளையும் தாண்டித் தெருமுனை வரைக்கும் போயிற்று குரல். முடித்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. எச்சில் விழுங்கவே கஷ்டப்பட்டார்.

போட்டுக் கேட்டபோது அவர் குரலுக்குப் பின்னால் பஸ் சத்தமும் இருந்தது. அவர் காதுக்குப் போனது டேப்புக்கும் போயிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் பஸ் சத்தம் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்துக் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் கையில் சிலேட்டுப் பலகையோடு வந்து நின்றார். நடந்ததைப் பாதி எழுதியும் பாதி நடித்தும் காட்டினார். நான் பிடித்துவந்த சத்தத்தில் ஒரு கண்டக்டரின் இரட்டை விசிலும் இருந்திருக்கிறது. தள்ளுவண்டியிலிருந்து கேசட் கத்தக் கத்த, நடுவில் 'பீப் பீப்'. தென்காசி பஸ் டிரைவர் அது தன் கண்டக்டர் கொடுத்த ரைட் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் டீக்கடையிலிருந்து கிளாஸோடு ஓடியிருக்கிறார். அண்ணாச்சி எங்கள் முற்றத்தில் கிளாஸ் பிடித்தபடி ஓடியும் காட்டினார். என் மனைவி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு அவர் சிலேட்டைத் துடைத்து எழுதியதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. 'இன்னொரு தரம் விசில் கேட்டா வண்டிய வெளியேத்திருவேன்னு டைம் கீப்பர் சொல்லிட்டாரு. திரும்பக் கத்துதேன். ஞாயித்துக்கிழம வாரேன்.'

என்னால் அவருக்கு இன்னொரு கத்தல். கொடுத்த தொண்டையை நான் வீணாக்கியிருந்தேன். இந்தத் தடவை பஸ் அவர் காதுக்கு மட்டும் போக வேண்டும். டேப்புக்குப் போகக் கூடாது. அவர் வாயைத் திறக்குமுன் வழி சரியாக இருக்க வேண்டும்.

ஷிப்ட் முடிந்து வந்து மிக்சரின் முன்னால் உட்கார்ந்தேன். மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடரைப் பச்சையில் இறக்கினால் பஸ் டேப்பிலிருந்து போய்விடுகிறது, ஹெட்போனிலிருந்தும் போய்விடுகிறது. ஏற்றினால் இரண்டிலும் வருகிறது. இரண்டு நாள் இதே கதை. மூன்றாம் நாள் தூசி தட்டலாம் என்று பெட்டியைத் திருப்பினேன். பின்பக்கம் நூல் ஒட்டாத ஒரு துளை. அதன் மேல் மூன்று எழுத்து. முதல் எழுத்து கூரை மாதிரி, நடு எழுத்து குழி மாதிரி, கடைசி எழுத்து பெருக்கல் குறி. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பெட்டியை முன்பக்கம் திருப்பினால், மாட்டுத் திருகுக்கு மேலே அதே கூரை, குழி, பெருக்கல்.

அந்தத் துளையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியாக ஹெட்போனுக்குக் கொடுத்தேன். பச்சை ஃபேடரை அடிவரைக்கும் இறக்கினேன். மாட்டுத் திருகை மெல்லத் திருப்பினேன். காதுக்குள் தென்காசி பஸ் கிளம்பியது. டேப்பில் பச்சைச் சத்தம் பொட்டுக்கூட இல்லை. எருது தனிப் பாதையில் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் மைக்கில் ஒருவர் கத்தும்போதும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அவர் தொண்டையை வைத்துப் பரீட்சை பார்க்க முடியாது. மனைவிக்கு ரெக்கார்ட் பட்டனை அழுத்தத் தெரியும். எனவே பின்னறைக்கு நான்தான் போக வேண்டியதாயிற்று.

"பால்கோவா" என்றேன்.

முன்னறையிலிருந்து அவள் சத்தம் கொடுத்தாள். "மீட்டர்ல ஊசி அசையவே இல்ல. எறும்பக் கூப்புடுதீயளா?"

"பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்ட்டி."

"கேட்டா வாங்க வருவாக. கத்துங்க! அந்த மனுசன் தொண்ட முக்கியமா இல்லையா?"

கண்ணை மூடிக்கொண்டு ஹெட்போனை இறுக்கினேன். பஸ்கள் உறுமின. அந்த உறுமலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேட்காத குரலுக்கு என்ன கூச்சம்? "பால்கோவா! பால்கோவாஆ! ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா! சுண்டக் காய்ச்சினது, சூடு ஆறாதது!" ஒன்றல்ல, ஏழெட்டுத் தடவை கத்தியிருப்பேன். கண்ணைத் திறந்தால் ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா. "ஏமி அண்ணே, மில்லு வேலைய விட்டுட்டீயளா?"

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வந்தார். பஸ் சத்தம் டேப்பில் இல்லை என்று காட்டுவதற்காக, தலையைக் குனிந்துகொண்டு நான் கத்திப் பதிந்த கேசட்டைப் போட்டேன். கேட்டார். மறுபடி போடச் சொல்லிக் கையைச் சுழற்றினார். மறுபடி கேட்டார். சிலேட்டை எடுத்தார்.

'இதே போதும்.'

"ஐயோ அண்ணாச்சி, அது நான்! சும்மா பரீட்சைக்கு."

துடைத்துவிட்டு நிதானமாக எழுதி, என் மூக்குக்கு நேரே நீட்டினார். 'என் தொண்டை பெருசா, உம்ம கூச்சம் பெருசா?'

கேசட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் நான் ஜன்னல் ஓரம் உட்காருவதில்லை. ஒருமுறை வேறு இடம் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே நான் கத்திக்கொண்டிருந்தேன். முன் சீட்டு அம்மா தன் வீட்டுக்காரரிடம், "பாவம், எம்புட்டுக் கத்துதான். ஒரு பொட்டலம் வாங்குங்களேன்" என்றார். அண்ணாச்சி ஜன்னலுக்கு வந்து, வாயைத் திறக்காமல் பொட்டலத்தை நீட்டினார். பின் சீட்டில் என்னைப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் அந்தக் குரல் மோசமில்லை என்று தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் சாயங்காலம் நான் சேரில் உட்கார்ந்து ஒயரில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். "பால்கோவா! பால்கோவாஆ!" என்று கூரை ஓட்டைத் தூக்குகிற சத்தம்.

அடுப்படியிலிருந்து என் மனைவி, "கேசட்டச் செத்த நிப்பாட்டுங்களேன், காது அடைக்கு" என்றாள்.

"நான் ஒண்ணும் போடலியே" என்றேன்.

வெளியே வந்து பார்த்தோம். தெருமுனையில் அண்ணாச்சி. கழுத்தில் துண்டு இல்லை. ஒரு கையில் பால்கோவாப் பொட்டலம், மறு கையில் என் கேசட். எங்களைப் பார்த்ததும் இன்னொரு தடவை கத்தினார்.

பொட்டலத்தைப் பிரித்துத் தின்றோம். கேசட்டை அழித்து வேறு விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்தேன். மனைவி அதை என் கையிலிருந்து வாங்கி, மேலே யாரும் பதிய முடியாதபடி அதன் முதுகில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் ஸ்க்ரூ டிரைவரால் உடைத்துவிட்டாள்.