நம்பர் பூட்டைத் திறக்க எத்தனை வழி?

பூட்டுத் திறக்கிற தொழிலில் கைவேலை கால்வாசிதான், மீதியெல்லாம் எண்ணிக்கை. நம்பரை மறந்துவிட்டுத் திருதிருவென விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும், அதனால் கூச்சமில்லாமல் சொல்கிறேன். தேனி பஸ் ஸ்டாண்டு அருகே எனக்குச் சின்னதாக ஒரு கடை. நம்பர் பூட்டில் மூன்று சக்கரம், ஒவ்வொன்றிலும் சைபர் முதல் ஒன்பது வரை பத்து எண். பத்தைப் பத்தால் பெருக்கி, மறுபடி பத்தால் பெருக்கினால் ஆயிரம் வழி. குருட்டாம்போக்கில் ஒரு தடவை திருப்பினால் திறக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. இதைச் சொன்னதுமே பாதிப் பேருக்கு முகம் செத்துவிடும்.

ஏழில் முடியும்

ஓடைப்பட்டியிலிருந்து திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் சூட்கேஸோடு வந்தார். கடைசி எண் ஏழு என்பது மட்டும் அவருக்கு நிச்சயம். ஒரு சக்கரம் தெரிந்துவிட்டால் மீதி இரண்டில் நூறு வழிதான். "பத்து நிமிஷம் உக்காருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு 007, 017 என்று வரிசையாகத் திருப்பினேன்.

முப்பது முடிந்ததும், "இன்னமும் நூத்துல ஒண்ணுதானா?" என்றார். "இல்லண்ணே, முப்பது கழிஞ்சுபோச்சு, இனி எழுபதுல ஒண்ணு" என்றேன். கடைசியில் 977-இல் திறந்தது, தொண்ணூற்றெட்டாவது தடவை. மனிதர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மேல இருந்து இறங்கியிருந்தா மூணாவதுலயே தொறந்திருக்கும்ல தம்பி?"

ஆறு வழி

போடி பஜார் கடைக்காரர் ஒருவர் பூட்டிய பெட்டியோடும் மனைவியோடும் வந்தார். ரெண்டு, அஞ்சு, எட்டு ஆகிய மூன்று எண்ணும் ஞாபகம், வரிசைதான் ஞாபகமில்லை. இது அல்வா சாப்பிடுகிற மாதிரி வேலை. முதல் இடத்தில் மூன்றில் எதுவும் வரலாம், அடுத்த இடத்துக்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று. மொத்தம் ஆறே வழி. ஜம்பமாக விளக்கிவிட்டு ஆறையும் திருப்பினேன். பூட்டு அசையவே இல்லை. மறுபடியும் ஆறு. ம்ஹும்.

எனக்கு வேர்த்துவிட்டது. அதுவரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்த அந்த அம்மா வாயைத் திறந்தார்: "கணக்கு சரிதாண்ணே. போன மாசம் நாந்தான் நம்பர மாத்துனேன், இவுக எப்பக் கண்டுபிடிப்பாகன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

மதுரை பஸ்

காலை எட்டேகால் மணி. வைகை அணைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், கையில் சின்ன இரும்புப் பெட்டி, பின்னால் அவளுடைய அப்பா. மதுரையில் பதினொரு மணிக்கு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் எல்லாம் பெட்டிக்குள். எட்டரை பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது, வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். தடித்த பூட்டு, அறுக்க அரைமணி ஆகும்.

"அப்பாதாண்ணே பூட்டு வாங்கிப் போட்டாக. என் பிறந்தநாளத்தான் வச்சாகளாம். ஜூன் அஞ்சு" என்றாள். சைபர், அஞ்சு, ஆறு. மறுபடி ஆறே வழி. ஆறும் பொய்த்தன. அவள் கண் கலங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் ரம்பத்தை எடுத்தேன்.

அப்போதுதான் அப்பா மெல்ல வாயைத் திறந்தார். "அது பள்ளிக்கூடத்துல சேக்கையில வாத்தியார் போட்ட தேதி. பிள்ள பெறந்தது ஆடிப் பதினெட்டு. பதினெட்ட வச்சது ஞாபகம் இருக்கு. கூட ஒரு நம்பர் வச்சேன். அது முன்னாலயா பின்னாலயா, தெரியல."

பதினெட்டுக்குப் பின்னால் பத்து, முன்னால் பத்து. இருபது வழி. 180-இல் தொடங்கி 189 வரை ஒன்றும் இல்லை. 018, 118, 218... 318-இல் 'டக்' என்றது. "அட, மூணாவது பொண்ணுல்ல" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அவள் சான்றிதழ்களை அள்ளிக்கொண்டு ஓடி, நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

எனக்குக் கோபம் தணியவில்லை. "ஏன்யா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றேன். அவர் காலிப் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: "படிச்ச பிள்ள சொல்லுதேன்னு இருந்துட்டேன். நீங்களும் என்னையக் கேக்கலயே தம்பி."

ஆயிரம் வழியை எண்ணத் தெரிந்த எனக்கு, பூட்டுப் போட்ட மனுஷன் பக்கத்திலேயே நின்றதைக் கணக்கில் சேர்க்கத் தெரியாமல் போயிற்று.