பலாவுக்கு முன்னால் கொடி

எழுபதுகளில், மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டம் கைமாறியது. வேலையாட்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஈப்போவுக்கு வெளியே, ஈயம் எடுத்துவிட்டுக் கைவிட்ட இடத்தில் ஒரு துண்டு நிலம் எங்களுக்குக் கிடைத்தது. நிலம் என்று சொல்வதே அதிகம், வெறும் வெள்ளை மணல். மத்தியானத்தில் செருப்பில்லாமல் நின்றால் கால் வெந்துவிடும். ஊற்றிய தண்ணீர் கண்முன்னே காணாமல் போகும்.

என் கணவரின் அண்ணன் ஆயர் தாவார் என்ற ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலையாக இருந்தார். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இங்க என்னலா முளைக்கும்? அங்க லயத்துல வீடு காலியா இருக்கு. வாங்க, போலாம்."

கணவருக்கும் மனசு அங்கேதான். எனக்கோ இன்னொரு லயத்தில் காலெடுத்து வைக்க இஷ்டமே இல்லை. "இந்த மணல்ல ஒரு பலாமரம் நின்னுட்டா இங்கயே இருக்கோம். இல்லாட்டி வாரோம்" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

வைத்த கன்றுகள் ஒவ்வொன்றாகக் கருகின. காரணம் வெயில் மட்டுமில்லை, என் வீட்டுக்காரரும்தான். தோட்டத்தில் அவருக்குப் புல் வெட்டும் வேலை. மரத்தடியில் புல் தெரிந்தால் வேலையை மேற்பார்க்கும் கிராணி ஏசுவார். அந்தப் பழக்கத்தில், இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முளைத்த நாலு புல்லையும் விடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார். மணல் பளிச்சென்று இருக்கும். கன்று செத்துக் கிடக்கும்.

அவருடைய மண்வெட்டி போகாத பின்வேலி ஓரத்தில் மட்டும் தொட்டாற்சுருங்கி படர்ந்திருந்தது. அதற்கு நடுவே, யாரும் நடாத பப்பாளிக் கன்று ஒன்று பச்சைப்பசேலென்று நின்றது. முள்ளை விலக்கி மணலைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

அப்போதுதான், தோட்டத்தில் ரப்பர் கன்றுகளுக்கு நடுவே மண்ணை மூடப் படரவிடும் கொடி ஞாபகத்துக்கு வந்தது. தினமும் தாண்டிப் போன கொடி! பஸ் ஏறிப் போய், பழைய தோட்டத்துச் சாலையோரத்திலிருந்து ஒரு சாக்கு நிறைய அறுத்து வந்து நட்டேன். இடையிடையே அகத்தி விதை போட்டேன். கொடி மணலை மூடியது, அதன் இலை உதிர்ந்து மக்கியது. அகத்தி மளமளவென்று உயர்ந்தது. அந்த நிழலில் மறுபடி ஒரு பலாக்கன்றை வைத்தேன்.

"பாம்பு வந்து குடியிருக்கப் போவுது" என்று கணவர் மண்வெட்டியை எடுத்தார்.

"வெட்டுறதுன்னா மொதல்ல என்னய வெட்டுங்க" என்று கொடிக்கு நடுவில் போய் நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

எண்பதுகளில் அந்தப் பலா காய்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆயர் தாவாருக்குச் சொல்லி அனுப்பினேன். அண்ணன் வந்தார். நம்பாதவர் மாதிரி கொடியை மிதித்துக்கொண்டு நேராக மரத்தடிக்கு நடந்தார்.

"அண்ணே, காலப் பாத்து வைங்க! கொடிய மிதிக்காதீங்க!"

கத்தியது நானில்லை, என் கணவர். அண்ணன் திகைத்து நின்றார்.

"அது இல்லாட்டி மரமும் இல்ல," என்றார் கணவர், "நாங்களும் இங்க இல்ல."