பிடியரிசி கொடுத்த வீடு

சிசிலி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பிடியரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் இக்னேசியஸ் மாஸ்டரின் மனைவி அவள். ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வாங்கி வந்த அரிசியை இப்போதே சுத்தம் பண்ணினால்தான் பத்து மணி இடைவேளைக்குக் கஞ்சி இறங்கும்.

அரசாங்கம் கூப்பனுக்குக் கொடுக்கும் அரிசியின் விலை ஏறியதற்கு அடுத்த வருஷத்துத் தவக்காலம் அது. காலைச் செபத்துக்கு நின்ற பிள்ளைகளில் இரண்டு பேர் ஒரே வாரத்தில் மயங்கி விழுந்தார்கள். சிசிலி பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தகரத்தில் போட்டு வையுங்கள், ஞாயிறுதோறும் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று மூன்று லயத்திலும் சொல்லிவிட்டு வந்தாள். சாமி வித்தியாசம் பார்க்காமல், வேதத்தில் சேராத லயத்துக்காரி காளியாயி கூடப் போட்டாள்.

"யாரு வீட்டுப் புள்ளைக்குப் பசின்னு எப்புடிக் கண்டுபுடிப்ப?" என்று மாஸ்டர் கேட்டார்.

"இது என்னங்க பெரிய வேல? குடுக்க ஏலாத வீட்டுப் புள்ள குடிக்கட்டும். அரிசி குடுக்கிற வீட்டுல பசி ஏது?"

கொடுத்தவர்களின் பெயரைச் செபமாலை முடிந்ததும் மாதா கோயிலில் வாசிக்கும் வழக்கத்தையும் அவளே கொண்டுவந்தாள். அதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. மஸ்கெலியாவில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவரின் மகளாகப் பிறந்து, கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தர்மச் சோறு தின்று ஏழாம் வகுப்புவரை படித்தவள். அங்கே உபகாரிகளின் பெயர்களைச் சொல்லிச் செபித்த பிறகுதான் தட்டில் கை வைக்கலாம். வாசிக்கிற பெயர்களில் ஒருநாள் தன் பெயரும் இருக்க வேண்டும் என்று அந்த வயதிலேயே ஆசைப்பட்டிருக்கிறாள். இப்போது முதல் பெயரே அவளுடையதுதான்.

இரண்டாவது பெயர் பெற்றீசியா. புருஷன் அந்தோனிமுத்து நெஞ்சு நோயோடு ஆஸ்பத்திரியில் கிடக்க, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒற்றையாளாய்க் கொழுந்து பறிக்கிறவள். ஒரு வாரம் தவறியதில்லை. "பெற்றீசியாவப் பாருங்க, ஒத்த ஆளு சம்பளம், அவ குடுக்கலியா?" என்று மற்ற வாசல்களில் சிசிலி குத்திக்காட்டுவாள். அந்தக் குத்துக்கே நாலு வீடு கூடுதலாகப் போட்டது.

கல் பொறுக்கிய அந்தத் திங்கட்கிழமை கஞ்சி முடிந்து, சட்டி கழுவப் பின்பக்கம் போனவள் நின்றுவிட்டாள். பெற்றீசியாவின் மூத்தவள், ஒன்பது வயது ஜோசப்பின், சட்டிக்குள் தோள்வரை கையை விட்டு அடிப்பிடித்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், வெக்கமாயில்ல? குடுக்கிற வீட்டுப் புள்ள சட்டி வழிக்குதா?"

பிள்ளை எழுந்துவிட்டாள். விரலை மட்டும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க மாஸ்டரம்மா. வெள்ளி, சனிக்கெல்லாம் அரிசி முடிஞ்சிரும். வெறும் தேத்தண்ணிதான். தம்பி அழுதாலும் தகரத்துல உள்ளதத் தொடக் கூடாது. பேரு வாசிக்காட்டி ஊரு சிரிக்கும்னு அம்மா சொல்லுவாங்க."

சிசிலி சட்டியைக் கழுவினாள். கழுவியதையே திரும்பவும் கழுவினாள். அன்று பகல் தன் மகனுக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரே உட்கார முடியாமல் எழுந்து போனாள். தவக்காலம் பிறந்து நான்கு ஞாயிறு ஆயிற்று. நான்கு ஞாயிறும் அந்த வாசலில் பையை விரித்துப் பிடித்தவள் அவள்தான்.

அடுத்த ஞாயிறு அந்த வீட்டை மட்டும் பேசாமல் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்தாள். தாண்டியும் விட்டாள். பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த காளியாயி விடவில்லை.

"என்ன மாஸ்டரம்மா, அந்தக் காம்பராவத் தாண்டிப் போறீங்க? வேதக்காரங்களுக்குள்ளேயே தீட்டா?"

பெண்கள் சிரித்தார்கள். சிசிலிக்கு முகம் சுட்டது.

"சும்மா இரு காளியாயி. அந்தப் புள்ளைகளே பட்டினி கெடக்குதுக. அங்க போயி என்னத்த வாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பெற்றீசியா தகரத்தோடு வாசலில் நின்றாள். பீலிக்கரையில் சிரிப்பு நின்றுபோயிற்று. அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு ஜோசப்பின் வரவில்லை. வியாழக்கிழமை பகல், பறிக்கிறவர்கள் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வரும் நேரம் பார்த்து சிசிலி புறப்பட்டாள். இரண்டு கொத்து அரிசியைப் பையில் கட்டி எடுத்தவள், பையோடு லயத்து வழியே நடப்பதும் பெயர் வாசிக்கிற மாதிரிதான் என்று தோன்ற, அதை வைத்துவிட்டு வெறுங்கையோடு போனாள்.

"வாங்க மாஸ்டரம்மா, ஒக்காருங்க" என்றாள் பெற்றீசியா. பலகையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தொட்டுக் குடிக்க உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் வைத்தாள். மூன்று பிள்ளைகளும் அந்தக் கையையே பார்த்தார்கள். குடிக்காமல் எழுந்தால் அவமரியாதை. சீனியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அதைவிட அவமரியாதை. சிசிலி நக்கிக் குடித்தாள்.

"இனிமே பேரு வாசிக்கிறதில்ல பெற்றீசியா. மாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன். பள்ளிக்கூடத்துல உள்ள அத்தன புள்ளைக்கும் கஞ்சி. கங்காணி மகனும், எங்க மகனும், எல்லாம் ஒரே வரிசதான்."

"நல்ல காரியங்க. முந்தியே செஞ்சிருக்கலாம்." பெற்றீசியா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "அன்னிக்குப் பீலிக்கரையில வாசிச்சீங்களே, அந்தப் பேர என்னங்க செய்யிறது?"

சிசிலி கோப்பையைக் கீழே வைத்தாள். வெளியே பகல் வேலைக்குச் சங்கு ஊதியது.

"தப்பு என்னோடதுதான். புள்ள என்ன செஞ்சிச்சு? நாளைக்கு அனுப்புவியா?"

தன் தாயைப் பார்த்தாள் ஜோசப்பின். பெற்றீசியா படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, நிலைக்குக் குனிந்து, வெளியே இறங்கிப் போனாள்.