போன் அடிக்கவே இல்லை

ராயப்பேட்டையில் ஒரு டயாலிசிஸ் சென்டர். இன்டர்நெட் வழியாக ஓடும் அவர்களுடைய போன்களைப் பார்த்துக்கொள்வது அப்போது என் வேலை. ஒருநாள் காலையில் டாக்டர் கூப்பிட்டார். போன் நன்றாகத்தான் இருக்கிறது, ரிசப்ஷனில் இருக்கும் பெண்தான் எடுப்பதில்லை, நீங்கள் வந்து சோதித்துச் சொன்னால் அவளை நிறுத்திவிடுவேன் என்றார்.

நான் போனபோது ஹாலில் ஒரே சத்தம். கணவரை மேற்கு மாம்பலத்திலிருந்து அழைத்து வந்திருந்த ஓர் அம்மாள், முந்தின நாள் அவருக்கு மூச்சுத் திணறியபோது திரும்பத் திரும்ப அடித்தும் யாரும் எடுக்கவில்லை என்று அழுதுகொண்டே திட்டினார். டாக்டரும் சேர்ந்துகொண்டார். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த ரிசப்ஷன் அக்கா, துப்பட்டா முனையைப் பிடித்தபடி ஒன்றுதான் சொன்னார்.

"போன் அடிக்கவே இல்ல சார்."

போன் கம்பெனியைக் கேட்டேன். கால் அனுப்பியாகிவிட்டது, அந்தம்மா டீ குடிக்கப் போயிருப்பார் என்று சொல்லிச் சிரித்தான் ஒருத்தன். இப்போது நினைத்தாலும் அவனை அறையத் தோன்றுகிறது.

என் செல்லிலிருந்து அடித்துப் பார்த்தேன். அடித்தது. மறுபடி அடித்தேன். என் காதில் ரிங் போகிறது, எதிரே மேஜையில் போன் ஊமையாகக் கிடக்கிறது. அக்கா என் முகத்தையே பார்த்தார்.

ரூட்டரையும் போன் செட்டிங்கையும் குடைந்து பார்த்ததில் விஷயம் தெரிந்தது. கம்பெனிக்கு இரண்டு சர்வர். கால் எதன் வழியாகவும் வரலாம். சென்டரை இன்டர்நெட்டோடு இணைக்கும் ரூட்டரோ, உள்ளேயிருந்து நம் போன் யாரிடம் பேசுகிறதோ அவர்களுக்குத்தான் கதவைத் திறந்து வைக்கும். கொஞ்ச நேரம் பேச்சில்லாவிட்டால் மூடிவிடும். மூடாமலிருக்க, போன் 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சின்னத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் போட்டிருந்த செட்டிங்கில் அது முதல் சர்வருக்கு மட்டும்தான் போனது. இரண்டாவது சர்வர் வழியாக வந்த கால்களெல்லாம் மூடிய கதவில் முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன.

அந்த செட்டிங்கை அவர்கள்தான் மாற்ற முடியும். கத்திச் சண்டை போட்டு, இரண்டு சர்வருக்கும் தகவல் போகும்படி மாற்ற வைத்தேன். அதன்பிறகு எத்தனை தடவை அடித்தாலும் போன் அடித்தது. 'வாடிக்கையாளரின் ரூட்டர் கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று எனக்கே மெசேஜ் அனுப்பினார்கள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப வேலை செய்யுதில்ல, விடுங்க" என்றார். எல்லார் முன்னாலும் திட்டினீர்களே, அங்கேயே வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். பேஷன்ட் காத்திருக்கிறார் என்று எழுந்து போய்விட்டார்.

நானே ஹாலுக்குப் போய் அக்காமேல் தப்பில்லை என்று உரக்கச் சொன்னேன். கணவருக்கு டயாலிசிஸ் முடியக் காத்திருந்த மாம்பலத்து அம்மாள் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா கையை உதறவில்லை. என்னிடம்தான் பேசினார்.

"இதத்தான நானும் சொல்லிக்கினு இருந்தேன். நீ வந்து சொன்னாதான் கேப்பாங்களா?"

அடுத்த மாதமே அவர் நந்தனத்தில் ஓர் ஆபீஸுக்கு வேலைக்குப் போய்விட்டார். டாக்டர் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த சென்டரின் வேலையை நானும் விட்டுவிட்டேன்.