பற்றறியைக் காப்பாற்றியவன்

வெளிநாட்டுக்கு வந்து அஜின்கோர்ட்டில் நாங்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மன்றில், அதாவது நிலக்கீழ்த் தளத்தில், ஒரு மூலையில் குழி இருந்தது. நிலத்தடி நீர் அதில் வந்து சேரும். குழிக்குள் இருக்கும் பம்ப் அதை இழுத்து வெளியே புல்லில் விடும். பெருமழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் பம்ப் நிற்கும். தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்துத்தான் அது படுத்துக்கொள்ளும். எந்தப் புண்ணியவானின் மூளையில் இது உதித்ததோ தெரியாது.

அந்தப் பேஸ்மன்றில் ஒரு அண்ணை வாடகைக்கு இருந்தார். ஐம்பதை நெருங்கியவர், ஒரு ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவும் வேலை. மனைவி யாழ்ப்பாணத்தில். அங்கே தொலைபேசி இல்லாததால் அந்த அம்மா கசற்றில் பேசி, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். அப்படி ஏழு கசற்றுகள் வந்திருந்தன. பிறகு சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தது. அதோடு கசற்றும் இல்லை, ஆள் எங்கே என்ற தகவலும் இல்லை. அண்ணை வேலையால் வந்ததும் நிலத்தில் போட்ட மெத்தையில் சாய்ந்து, அந்த ஏழில் ஒன்றைப் போட்டுக் கேட்பார். சமையலறையில் நிற்கும் எங்களுக்கும் கேட்கும். கோழி அடை கிடக்கிறது, கிணற்றுக்கட்டு வெடித்துப்போயிற்று, அவ்வளவுதான் பேச்சு. எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

ஒரு சித்திரை மழைக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. மெத்தை நனைந்தது. கசற்றுகள் கதிரையில் இருந்ததால் தப்பின. அண்ணை அவற்றை ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு என் மனைவியிடம் கொடுத்தார்.

"உந்தப் பெட்டியை மேல வையுங்கோ பிள்ளை. கீழ எனக்குப் பயமாக் கிடக்கு."

அதன்பிறகு தன் மனைவியின் குரலைக் கேட்க அவர் மேலே வந்து கதவைத் தட்ட வேண்டியிருந்தது. என் மனைவி தனியே இருந்தால் வரமாட்டார். நான் வரும்வரை கீழே காத்திருப்பார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கரண்ட் போனாலும் பற்றறியில் ஓடும் இரண்டாவது பம்ப் ஒன்றைப் பூட்டுவதென்று முடிவெடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை இருவரும் சேர்ந்து பூட்டினோம். பிளாஸ்ரிக் குழாயை அறுத்துப் பசை பூசிப் பொருத்தினோம். பற்றறியைச் சுவர்த்தட்டில் உயர்த்தி வைத்து, அதன் சார்ஜரைச் சுவரில் சொருகினோம். பழைய பம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். பம்பை முடுக்கும் மிதவை எழும்பியதும் புதியது உறுமிக்கொண்டு இழுத்தது. அண்ணை மேலே போய்த் திருநீறு வாங்கி வந்து பற்றறிக்குப் பூசினார்.

"இனிப் பயமில்லைத்தானே தம்பி?"

"ஒரு சொட்டும் ஏறாது அண்ணை. பெட்டியைக் கீழ கொண்டு போங்கோ."

நான்தான் சொன்னேன். அவர் பெட்டியைக் கொண்டுபோய் மெத்தையின் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

நான் ஊரை விட்டு வெளிக்கிட்ட காலத்தில் அங்கே யுத்தத்தால் பற்றறி தடைசெய்யப்பட்ட சாமான். ஒரு பழைய கார் பற்றறியை எங்கள் ஒழுங்கை முழுவதும் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. ரேடியோவில் செய்தி முடிந்தால் முதல் வேலை கம்பியைக் கழற்றுவதுதான். மறந்தவன் நன்றாக வாங்கிக்கட்டுவான். அந்தப் புத்தி என்னோடு விமானம் ஏறி வந்திருக்கிறது. இங்கே சார்ஜரின் பச்சை வெளிச்சம் இரவு பகலாக எரிவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. புத்தம்புதுப் பற்றறி வீணாகப் பழுதாகிவிடுமே என்று அதிலிருந்து பம்புக்குப் போகும் ஒரு கம்பியைக் கழற்றித் தட்டில் வைத்தேன். மழை வந்தால் கொழுவினால் போச்சு என்று நினைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரன் நான்.

ஆவணியில் ஒரு பின்னேரம் மழை கொட்டியபோது நான் பக்கத்து நகரமான மார்க்கத்தில் வேலையில் நின்றேன். வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. பேஸ்மன்ற் படிகளில் கீழ் மூன்றும் தண்ணீருக்குள். மெத்தை ஊறிக் கிடந்தது. சப்பாத்துப் பெட்டி பிரிந்து, மட்டை மட்டும் மிதந்தது. நான் நீருக்குள் இறங்கிப்போய்க் கம்பியைக் கொழுவினேன். பம்ப் உடனே உறுமத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது.

சற்று நேரத்தில் அண்ணை வேலையால் வந்தார். படியில் நின்று பார்த்தார்.

"நல்ல காலம், உந்தப் பம்பைப் பூட்டினீங்கள் தம்பி. இல்லாட்டி இன்னும் ஏறியிருக்கும்."

"ஓம் அண்ணை," என்றேன். கம்பியைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

கசற்றுகளைத் துடைத்து ஒரு கிழமை காயவைத்து, எங்கள் ரேப் றெக்கோடரில் போட்டுப் பார்த்தோம். சேறு படிந்த நாடாவை அது ஒவ்வொன்றாக மென்று சுருட்டியது. ஒன்றில் மட்டும் இரைச்சலுக்குள் யாரோ இருமியது போல இருந்தது. பிறகு அதுவும் அறுந்தது.

அண்ணை கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

"தம்பி, கடைசிக் கசற் முடியேக்கை அவ என்ன சொன்னவ? எனக்குச் சரியா வருகுதில்லை. நீங்களும் கேட்டனீங்கள்தானே."

எனக்கு ஒரு சொல் பிசகாமல் தெரியும். "நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. என்னைப் பற்றி யோசியாதேங்கோ. இத்தோட நிப்பாட்டுறன்," என்று சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொருக்காச் சொல்லச் சொன்னார். சொன்னேன். என் குரல்தான் வந்தது.